மாலை போட்ட மூன்றாம் நாள்

மதியழகனுக்கு அந்த வருஷம் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவன் செய்த தப்பு ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது போலத் தோன்றும். தெரியாமல் நடக்கவில்லை. எல்லாம் தெரிந்தவன், தெரிந்ததை நோட்டில் எழுதியும் வைத்திருந்தவன் செய்த தப்பு அது.

காரைக்காலை ஒட்டிய கோட்டுச்சேரி கடைத்தெருவில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அவனுடைய மருந்துக்கடை. பதினோரு வருஷமாக நடத்துகிறான். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருகிறவர்கள் நோயாளிகள் அல்ல, முந்தின நாள் குடித்தவர்கள். காரைக்காலில் பிராந்திக்கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்று எதிரே வந்து நிற்கும். ஆனால் மருந்துக்கடைக்கு வந்து குடித்தேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். "நேத்து பரோட்டா சாப்பிட்டேங்க, ஒத்துக்கல, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்பார்கள். தலைவலிக்கும் பரோட்டா, வாந்திக்கும் பரோட்டா, கை கால் அசதிக்கும் பரோட்டா. அந்தக் கடைத்தெருவில் பரோட்டாவின் மேல் விழுந்த பழிக்கு அளவே கிடையாது. மதியழகனும் பத்து வருஷம் ஒன்றும் கேட்காமல் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

ஆடி மாதத்தில் காரைக்காலில் மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மதியழகன் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் போனான் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் அங்கே பேசிய டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். "எங்ககிட்ட வராத ஆளு உங்ககிட்ட வாரான். வாரத்துக்கு ரெண்டு தடவை வாரான். நீங்க கேட்டா சொல்லுவான். கேட்டுப் பாருங்க." கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, அதனால் வேலையிலோ வீட்டிலோ ஏதாவது கெட்டதா. இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் பேச ஆரம்பிக்கலாம், குறைக்க வழி சொல்லலாம்.

நாலாவது கேள்வி தனி. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு வாய் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறதா? ஆமாம் என்று சொன்னால், அந்த ஆளை நிறுத்தச் சொல்லவே கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வருஷக்கணக்கில் குடியில் ஊறிய உடம்பு, அது திடீரென்று நின்றால் தாங்காது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிர் போனாலும் போகும். மருந்து கொடுத்து, கூடவே இருந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார். மதியழகன் எழுதி அடியில் கோடும் போட்டான்.

மறுநாளே கேட்கத் தொடங்கினான். ஆச்சரியம், ஆட்கள் பதில் சொன்னார்கள். டூவீலர் மெக்கானிக் ஒருவன் தினமும் ஒரு குவாட்டர் என்றிருந்ததைச் சனிக்கிழமையோடு நிறுத்திக்கொண்டான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவன் அடியோடு விட்டான். அவன் மனைவி கடை வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கடைத்தெருவில் மதியழகனுக்குக் 'குடி டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். கேலிதான். ஆனால் அவனுக்கு அது கேலியாகக் கேட்கவில்லை. தலைக்கனம் என்று சொன்னது இதைத்தான்.

உத்திராபதி கடைக்கு வந்தது ஐப்பசிக் கடைசியில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடை போடுகிற இடத்தில் அவருக்கு மேற்பார்வை வேலை. ஊரில் பத்து மா நிலம். வயது ஐம்பத்தாறு. சட்டையின் மடிப்புக் கலையாது, பேச்சில் ஒரு சொல் தடிக்காது. எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு என்றாலும் நடுவில் உட்காரக் கூப்பிடுவது அவரைத்தான். மதியழகன் கடை திறந்த அன்று குத்துவிளக்கு ஏற்றியதும் அவர்தான். அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை என்று சொல்வதுதான் சரி. வயிற்றெரிச்சல் மாத்திரை அந்த மாதத்தில் அவர் வாங்குவது அதோடு நாலாவது அட்டை.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"நீ கேப்பேன்னு தெரியும் தம்பி. ஊரே சொல்லுதே" என்று உத்திராபதி சிரித்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"எப்பவாவது சாப்புடுறதுண்டுங்களா?"

"எப்பவாவது இல்ல. தெனமும்."

"எவ்வளவுங்க?"

"முன்னெல்லாம் ஒரு குவாட்டர். இப்ப மூணுகூட ஆவுது. மோட்டார் கொட்டகையில வச்சிருக்கேன். வீட்ல அன்னபூரணிக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

"வேலையில ஏதும்..."

"ரெண்டு தரம் லாரி எடையத் தப்பா எழுதிட்டேன். கூட இருந்த ஆளு திருத்திக் குடுத்து மானத்தக் காப்பாத்துனான்."

அடுத்தது நாலாவது கேள்வி. மதியழகனின் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் முதல் மூன்றும் ஒரு மனிதரிடம் கேட்கிற கேள்விகள். நாலாவது, குடிகாரனிடம் கேட்கிற கேள்வி. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் குடிக்கிறீர்களா என்று, தன் கடைக்கு விளக்கேற்றிய மனிதரை எப்படிக் கேட்பது? மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட அவர் இரண்டு தடவை தடுமாறியதை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, மழைக் குளிர் என்று தனக்குத்தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டான். கேட்காமல் விட்டதற்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் கொறைக்கணுமா, நிறுத்தணுமா தம்பி?"

"நிறுத்திடுங்கண்ணே. இன்னும் ஒரு வாரத்துல கார்த்திகை பொறக்குது. மாலை போட்டுருங்க. நாப்பத்தெட்டு நாளு, ஒரேயடியா நின்னுரும். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

அந்தப் பக்கத்தில் குடியை விட நினைக்கிற ஆண்பிள்ளைக்கு இருக்கிற கௌரவமான வழி அதுதான். ஐயப்பனுக்கு மாலை கழுத்தில் ஏறிவிட்டால் ஊரே சாமி என்று கூப்பிடும். கூட்டாளிகள்கூட பாட்டிலைக் காட்டமாட்டார்கள். அப்படி மாலை போட்டு விட்டவர்கள் எத்தனையோ பேரை மதியழகனுக்குத் தெரியும். அவர்களெல்லாம் சாயங்காலம் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை அவன் யோசிக்கவில்லை. உத்திராபதியின் முகம் தெளிந்தது. "இது எனக்குத் தோணல பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை ஒன்றாம் தேதி அவர் கருப்பு வேட்டியும் நெற்றி நிறையச் சந்தனமுமாக வெறுங்காலோடு கடைக்கு வந்தார். ஐம்பத்தாறு வயதில் கன்னிச்சாமி. மதியழகன் கடையை விட்டு இறங்கி வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பின்னால் நின்ற அவர் மனைவி அன்னபூரணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இருபது வருசமா நான் அழுது ஆகாதது, உன் ஒரு வார்த்தையில ஆயிடுச்சு தம்பி. நீ நல்லா இருப்ப" என்றார்.

அன்று பூராவும் மதியழகனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தைலம் வாங்க வந்த ஒரு பெண் பரவசத்தோடு சொன்னாள். "சேதி தெரியுமாங்க? உத்திராபதி சாமிக்கு அருள் வந்திருக்கு. விடிஞ்சதுலேருந்து ஆடுறாரு. செத்துப்போன அவரு அப்பாவ எதிர்ல வச்சுக்கிட்டுப் பேசுறாரு. நான்கூடப் போயி விழுந்து கும்பிட்டுட்டுத்தான் வாரேன்."

மதியழகனின் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

உத்திராபதி வீட்டில் கால் வைக்க இடமில்லை. கற்பூரப் புகை. கூடத்தில் கோரைப்பாயில் உத்திராபதி உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை உடம்பு உதறிக்கொண்டிருந்தது. வேட்டி வியர்வையில் நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. சுவரில் ஏதோ ஊர்வது போல ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி மகள் கல்யாணம் எப்போது நடக்கும் என்று குறி கேட்டாள். "வண்டி வருது... வண்டி வருது... ஏத்து, எடைய எழுது" என்றார் அவர். வரன் காரில் வரப்போகிறான், நகையைத் தயார் பண்ணச் சொல்கிறார் சாமி என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கம் சொன்னார். சரணம் சரணம் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கை கூப்பாமல் நின்றது அன்னபூரணி மட்டும்தான். மதியழகனைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தம்பி, மூணு நாளா கண்ணு மூடல. சோறு இறங்கல. இது அருள்தானா? எனக்குப் பயமா இருக்குய்யா."

அப்போது அவன் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். குடி திடீரென்று நின்றதால் வந்தது இது. நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலை போட்ட மனிதரைக் குடிகாரர் என்று எப்படிச் சொல்வது, அவருடைய மானம் என்ன ஆவது என்று அவன் நினைத்தான். நினைத்தான் என்பது பாதி உண்மைதான். தன் மானம் என்ன ஆவது என்பதுதான் முதலில் வந்தது.

"காய்ச்சல் மாதிரி தெரியுது அண்ணி. மூளைக்கு ஏறியிருக்கும். உடனே காரைக்காலுக்குக் கொண்டு போயிடுவோம்" என்றான்.

காரில் போகும்போதே முதல் வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வில்லாக வளைந்தது. அன்னபூரணி சரணம் சொல்லிக்கொண்டே புருஷன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முன்சீட்டில் இருந்த மதியழகன் திரும்பிப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வந்து பார்த்தார். இளவயது. கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டே வேகவேகமாகக் கேட்டார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"தெரியலைங்க. மூளைக் காய்ச்சலா இருக்கும்னு மெடிக்கல் தம்பி சொன்னுச்சு" என்றார் அன்னபூரணி.

"இதுக்கு முன்ன வலிப்பு வந்திருக்கா?"

"இல்லைங்க."

"குடிப்பாரா?"

அன்னபூரணி ஒரு கணம் தயங்கினார். "மாலை போட்டிருக்காருங்க. சாமிங்க அவரு" என்றார்.

டாக்டர் கழுத்து மாலையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தலையை ஸ்கேன் எடுக்கவும் ரத்தம் எடுக்கவும் எழுதினார். நர்சுகள் ஓடினார்கள். எல்லாம் மூளைக் காய்ச்சலுக்கான ஓட்டம். மதியழகன் கிளப்பிவிட்ட ஓட்டம்.

அவன் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் கடிகாரம். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம். அண்ணியே சொல்லிவிடுவார் என்று நினைத்தான். ரத்தப் பரிசோதனையில் தானே தெரிந்துவிடும் என்று நினைத்தான். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்து இரண்டடி வைத்தான். அவர் போனில் பேசப் போய்விட்டார், அதோடு திரும்பி வந்துவிட்டான். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்பார்களே. கடை லைசென்ஸ் என்ன ஆகும்? கடைத்தெருவில் என்ன பேசுவார்கள்? படித்தவன் மனசுக்குக் காரணத்துக்கா பஞ்சம். பயம் என்ற ஒரே காரணத்தைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்குத் தோன்றியது. பன்னிரண்டு முப்பத்தைந்து ஆனது.

ஸ்கேனுக்குக் கொண்டு போக அவரைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றினார்கள். பாதி தூக்கியபோது இரண்டாவது வலிப்பு. நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. வலது கை அடியில் மடங்க, அவர் தரையில் விழுந்தார். எலும்பு முறிகிற சத்தம் மதியழகனுக்குக் கேட்டது. அது எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம்தான் அவனுக்கு வாய் திறந்தது.

"மேடம், அவரு தெனமும் குடிப்பாரு. மூணு குவாட்டர். காலையிலேருந்தே குடிப்பாருன்னு நெனைக்கிறேன். மூணு நாளா ஒரு சொட்டு இல்ல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"மருந்துக்கடைங்க. கோட்டுச்சேரி."

"ஃபார்மசி படிச்சவருதானே?"

"ஆமாங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்சைப் பார்த்து வேறு ஊசிகளின் பேரைச் சொன்னார். எல்லாம் தலைகீழாக மாறியது. ஊசி போட்டு, டிரிப்ஸில் வைட்டமின் ஏற்றி, கொஞ்ச நேரத்தில் அந்த உதறல் அடங்கத் தொடங்கியது. கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். அன்னபூரணியே மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மதியழகனிடம் வந்தார்.

"உனக்கு எப்பத் தம்பி தெரியும்?"

"வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும் அண்ணி."

அவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தானும் டாக்டரிடம் மறைத்தோமே என்ற நினைப்போ என்னவோ, திரும்பிப் புருஷனிடம் போய்விட்டார்.

உத்திராபதி பிழைத்தார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கூடினாலும் பேனா பிடிக்கிற பிடி பழையபடி வராது என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் மதியழகனை வரச்சொல்லி, மறுபடி குடிக்கு இழுக்காமல் இருக்க ஒரு மாத்திரை எழுதியிருப்பதாகவும், தினமும் காலையில் அவன் கண்ணெதிரே அவர் அதை விழுங்க வேண்டும் என்றும் சொன்னார். தண்டனை கொடுக்கிறார்கள் என்று நினைத்து மதியழகன் ஒப்புக்கொண்டான். தண்டனை அதில் இல்லை, வேறொன்றில் இருந்தது.

அந்த மூன்று நாளில் நடந்த எதுவும் உத்திராபதிக்கு நினைவில்லை. அன்னபூரணியும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மதியழகன் ஓடி வந்தான், காரில் போட்டான், டாக்டரிடம் உண்மையைச் சொன்னான், உயிர் வந்தது. இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூளியில் தொங்கப் போட்டுக்கொண்டு தினமும் ஏழு மணிக்குக் கடைக்கு வந்தார். இருபது வருஷம் மறைத்ததையெல்லாம் இப்போது வெட்கமில்லாமல் சொன்னார். "ஆமாய்யா, குடிச்சேன். மோட்டார் கொட்டகையில ஒளிச்சு வச்சுக் குடிச்சேன். இந்தத் தம்பி மட்டும் இல்லேன்னா என்னைய எரிச்சு சாம்பலயும் கரைச்சிருப்பாங்க" என்று கடையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் மதியழகனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவன் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வான். ராத்திரிச் சாப்பாடு அவனுக்குப் பாதிதான் இறங்கியது. கண்ணை மூடினால் அந்த எலும்புச் சத்தம்.

ஆறாவது நாள் கடையில் நாலு பேர் நின்றார்கள். மூன்று பேர் வழக்கமான பரோட்டாக்காரர்கள். நாலாவது ஆள் மணிபாரதி. துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி ஓட்டுகிறவன், முப்பத்திரண்டு வயசு, கழுத்தில் புது மாலை. உத்திராபதி வந்தார், இடது கையால் தண்ணீர் தம்ளரை வாங்கிக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "அதாங்க நாங்கெல்லாம் விடறதில்ல. குடிய விட்டா ஆளத் தூக்கிரும்னு உங்களப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம்ல" என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். உத்திராபதிகூடச் சிரித்தார்.

மதியழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தப்பு இந்த ஊர் குடிக்கிறதுக்கே ஒரு நியாயமாகிவிட்டதா?

"விட்டதால வரல" என்றான். குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. "ஆஸ்பத்திரியில வச்சு, மருந்து குடுத்து விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. காலையில கை நடுங்குதான்னு நான் கேட்டிருக்கணும். அண்ணங்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன். நடுங்குனதப் பாத்தேன், பாத்துட்டும் மாலை போடச் சொன்னேன். அருள் வந்துருக்குன்னாங்க, எனக்கு இன்னதுன்னு தெரியும். காய்ச்சல்னு பொய் சொன்னேன். டாக்டர் குடிப்பாரான்னு கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அரை மணி நேரம் வாயத் தொறக்கல. அதுக்குள்ளதான் ரெண்டாவது வலிப்பு வந்து விழுந்தாரு. அந்தக் கை என்னால போச்சு."

பஸ் ஒன்று வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

உத்திராபதி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"அரை மணி நேரமா?"

"ஆமாங்கண்ணே."

"எங்க நின்ன?"

"உங்க காலடியில."

அவர் கழுத்துத் தூளியைச் சரி செய்துகொண்டார். பிறகு, "நாளையிலேருந்து அன்னபூரணிய அனுப்புறேன். மாத்திரைய அவகிட்ட குடுத்துடுங்க" என்றார். பதினோரு வருஷத்தில் அவனை அவர் நீங்கள் என்று பேசியது அதுதான் முதல் தடவை. தெருவைக் கடந்து போய் எதிரே பஸ்ஸுக்காக நின்றார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். ஒருவன் எடுத்து வைத்த மாத்திரையைக்கூட வாங்கவில்லை.

மணிபாரதி மட்டும் போகவில்லை.

"என்ன வேணும் சாமி?" என்றான் மதியழகன். அவனுக்கு யார் முகத்தையும் பார்க்கிற தெம்பில்லை.

"தலவலி மாத்திரைண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் மாலை போட்டு இன்னையோட ரெண்டு நாளு."

மதியழகன் அப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தான். வெளியே மழைக் காற்று சில்லென்று அடித்தது. மணிபாரதியின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. ஒன்பது மணிக்கு அவன் லாரி எடுக்க வேண்டும்.

அதற்குள் சீட்டோடு இரண்டு பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். மாலை போட்ட சாமியிடம் எவரும் கேட்காத கேள்வி. மதியழகன் கேட்டான்.

"காலையில எந்திரிச்சதும் குடிச்சாத்தான் நடுக்கம் நிக்குமா சாமி?"

பெண்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மணிபாரதியின் முகம் சுண்டிப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே" என்றான். "மூணு வருசமா."

"லாரி எடுக்க வேணாம். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"டாக்டரு கேட்டா நான் என்னண்ணே சொல்றது? மாலையோட..."

"நான் சொல்றேன்."

ஷட்டரை இழுத்து விட்டு, வண்டியை எடுத்து, அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். தெருவுக்கு வந்ததும் எதிரே உத்திராபதி. மதியழகனையறியாமல் பிரேக் விழுந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்றாவது. வண்டியை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உத்திராபதி அவனைப் பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவனின் மாலையைப் பார்த்தார். வண்டிக் கம்பியைப் பிடித்திருந்த அந்த விரல்கள் உதறுவதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இங்கயும் ஏண்டா நிக்கிற?" என்று கத்தினார். "போ!"